ஓய்வும் இற்செறிப்பும்

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காரு" என்ற வாக்கியத்தை எங்கள் வீட்டில் ஆண்கள் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை முடிந்தபோது ஒரு மாதம் அது வீட்டில் ஒலித்தது. அண்ணனுக்குப் பைக்கில் விழுந்து கால் முறிந்தபோது மூன்று மாதம். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோதும் டாக்டர் அதே சொல்லைத்தான் எழுதிக் கொடுத்தார். பத்தாம் நாள் அம்மா இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஆட்டச் சொல்லவில்லை என்பது உண்மை. வேறு யாரும் ஆட்டவில்லை என்பதும் உண்மை.

இந்தச் சொல்லை நான் உட்கார்ந்து யோசிக்க நேர்ந்தது என் அண்ணன் மகளால். ஏரலில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கபடி அணியில் லெஃப்ட் கார்னர்.

எங்கள் பக்கம் கபடி ஊரோடு ஒட்டிய ஆட்டம். ஆற்றுப்பாசன வயலும் வாழையும் போக மிச்சம் கிடக்கிற இடமெல்லாம் களம்தான். ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கிற மணத்தி, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி அர்ஜுனா விருது வாங்கிய கணேசனின் ஊர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025 அக்டோபரில் வந்தபோது, எங்கள் தெருப் பையன்களின் நடையே கொஞ்ச நாளைக்கு மாறியிருந்தது. அதே மாதம் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வாங்கியது. அதன் துணைத் தலைவி சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா. என் மருமகள் அவள் படத்தைக் கணக்கு நோட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் சேர்ந்தது. பெண்கள் கபடி சேர 2010 ஆனது. நடுவில் இருபது வருஷம். அந்த இருபது வருஷத்துக்குள் வயசுக்கு வந்து, ஆட்டத்தை விட்டு, கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களில் நானும் ஒருத்தி. நான் ஆடியது கோகோ, அவ்வளவுதான் வித்தியாசம்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வெளியூர் மைதானத்தில் போட்டி. பாடி வந்தவளின் கணுக்காலைப் பிடிக்கக் குனிந்திருக்கிறாள். அந்தப் பெண் காலை உருவிக்கொண்டு திரும்பிய வேகத்தில் முழங்கால் இவள் காதுக்கு மேலே அடித்திருக்கிறது. மயங்கி விழவில்லை. எழுந்து, தலையை உதறிக்கொண்டு, மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வாந்தி. பஸ்ஸில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று மதினியிடம் சொல்லியிருக்கிறாள். திங்கள் இரவு எனக்குப் போன் வந்தது.

"அத்தை, போர்டுல எழுதுறது ஓடுது. லைட்டப் பாத்தா கண்ணு கூசுது. அம்மாட்ட சொல்லிராதீங்க."

"ஏம்ட்டி?"

"சொன்னா கபடி முடிஞ்சிரும்."

மூளை அதிர்வு என்பது இதுதான். கன்கஷன் என்ற சொல் நம் வீடுகளுக்குக் கிரிக்கெட் வழியாக வந்தது. 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில், நம் சேலத்து நடராஜன் முதன்முதலாக இந்தியாவுக்காக டி20 ஆடிய அதே ஆட்டத்தில், ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவருக்குப் பதிலாகச் சஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார். அது நியாயமா ஏமாற்றா என்று எங்கள் வீட்டு வாசலில் இரண்டு நாள் சண்டை நடந்தது. அடி பட்ட தலைக்கு என்ன ஆகும் என்று அந்தச் சண்டையில் ஒருவரும் கேட்கவில்லை.

மண்டையோட்டுக்குள் மூளை ஒரு நீர்மத்தில் மிதந்தபடி இருக்கிறது. தலையோ உடம்போ சட்டென்று உலுக்கப்பட்டால் அது உள்ளே குலுங்குகிறது. நரம்பணுக்களின் வேலை தடுமாறுகிறது. எலும்பு முறிவதில்லை, இரத்தம் கசிவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதுகூட இல்லை. ஆகவே ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஸ்கேன் எடுப்பது இரத்தக்கசிவோ முறிவோ இல்லை என்று உறுதிசெய்துகொள்ள. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ராத்திரியென்று பார்க்காமல் ஓட வேண்டும். அதெல்லாம் இல்லாதபோதும் அடி பட்ட பிள்ளை அன்றைக்கு மறுபடி களத்தில் இறங்கக் கூடாது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால், அபூர்வமாக, மூளை சடாரென்று வீங்கி உயிரே போய்விடலாம். அப்படிப் போனவர்களில் அதிகம் பேர் பிள்ளைகளும் இளைஞர்களும்.

கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்று ஒரு பெண். பதினேழு வயது, பள்ளி ரக்பி அணியின் தலைவி. 2013 மே மாதம் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடி பட்டது. தனக்குக் கன்கஷனாக இருக்குமோ என்று அவளே சந்தேகப்பட்டிருக்கிறாள். இணையத்தில் தேடியிருக்கிறாள், தோழிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள். பெற்றோருக்குத் தெரியாது. அடுத்த ஆட்டத்தில் விழுந்தவள் எழவில்லை. 2015இல் நடந்த மரண விசாரணை 49 பரிந்துரைகளைக் கொடுத்தது. 2018இல் ஒன்டாரியோ மாகாணம் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் பள்ளி விளையாட்டுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. திங்கள் இரவு போனை வைத்த பிறகு இந்தக் கதையைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். தோழிக்குச் சொல்லி, வீட்டுக்குச் சொல்லாத பெண்ணின் கதை. ஏரலில் தோழியின் இடத்தில் அத்தை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு ஏரலுக்குப் போனேன். அண்ணனிடம் சொல்லாமல் ஸ்கேன் எடுக்க முடியாது, சொன்னேன். ஆஸ்பத்திரியில் சி.டி. எடுத்தார்கள். டியூட்டி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, நார்மல். ரெஸ்ட் எடுக்கட்டும். பொம்பளப் பிள்ளைக்கு இந்த வெளயாட்டெல்லாம் என்னத்துக்கு?" என்றார். எத்தனை நாள் ரெஸ்ட் என்று கேட்டேன். "இனிமே வெளாட வேண்டாம், அவ்ளோதான்." அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவன் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த காரணம் படித்தவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. வெளியே வந்ததும் இன்னொன்றும் சொன்னான்: "கொமருப் பிள்ளைக்கு மண்டையில அடின்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் என்ன கேப்பான்னு உனக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியும்.

சங்க அகப்பாடல்களைப் பாடம் எடுக்கிறவள் நான். சங்கப் பெண்கள் ஆடியவை எவை என்று கேட்டால் ஓரை, கழங்கு, பந்து, வண்டல், ஊசல் என்று மாணவிகள் ஒப்பிப்பார்கள். இந்த ஆட்டமெல்லாம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அடுத்துக் கேட்பேன். இற்செறிப்பு. மகளின் உடம்பில் வேறுபாடு கண்ட தாய் அவளை வீட்டுக்குள் அடைத்து வைப்பது. இலக்கண நூலுக்கு அது களவில் ஒரு நிலை. தலைவனைத் திருமணத்துக்கு விரைவுபடுத்தத் தோழிக்குக் கிடைக்கும் நெம்புகோல். அடைபட்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது தேர்வில் வராத கேள்வி. ஆனால் நற்றிணையின் 68ஆம் பாட்டில் தோழி ஒருத்தி அதைக் கேட்கவே செய்கிறாள். கூட்டத்தோடு ஓரை ஆட விடாமல் சின்னப் பெண்களை வீட்டில் அடைப்பது அறமும் ஆகாது, அதனால் செல்வமும் குறையும் என்று தாய்க்கு எடுத்துச் சொல்ல ஆள் உண்டானால், பொங்கி வரும் புதுவெள்ளத்தில் போய் ஆடலாமே என்கிறாள். சொல்வதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் அந்தப் பாட்டில் எனக்கு முக்கியம். தேதி குறிக்காமல் எழுதப்பட்ட 'ரெஸ்ட்' என்பது ஒரு பெண்ணுக்கு இற்செறிப்புத்தான், மருந்துச்சீட்டில் எழுதியிருந்தாலும்.

இரண்டாவதாகத் திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. பிள்ளையிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே "எப்ப திரும்ப ஆடணும்?" என்பது. அவள் அழுதுவிட்டாள்.

முன்பெல்லாம் இப்படி அடி பட்ட பிள்ளைகளை அறிகுறி எல்லாம் போகும்வரை இருட்டறையில் படுக்க வைக்கச் சொல்வார்களாம். புத்தகம் இல்லை, பாட்டு இல்லை, ஆள் இல்லை. அது தவறு என்று ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட்டன. 2015இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு: ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வில் வைக்கப்பட்டவர்கள், ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். 2016இல் கனடாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில், முதல் வாரத்திலேயே லேசாக நடமாடத் தொடங்கியவர்களுக்கு ஒரு மாதம் கழித்தும் தொல்லை நீடிப்பது குறைவாக இருந்தது. 2019இல் பஃபலோ நகரத்து ஜான் லெட்டியின் குழு பதின்வயதினர் 103 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அளவான வேகத்தில் உடற்பயிற்சி செய்ய வைத்தது, மறு பாதியைக் கைகால் நீட்டும் பயிற்சி மட்டும். முதல் பாதி சராசரியாக 13 நாளில் குணமானது, மற்றது 17 நாளில். இப்போது உலகம் முழுக்கப் பின்பற்றுவது 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி முடிவுசெய்த வழிமுறை.

அதைத்தான் அந்த மருத்துவர் சீட்டின் பின்பக்கம் ஏணி போல வரைந்து கொடுத்தார். ஒன்று அல்லது இரண்டு நாள் ஓய்வு, அதிலும் போன், டிவி குறைவு. முதல் படி, தொல்லையைக் கூட்டாத அன்றாட வேலைகள். இரண்டாவது, நடை, சைக்கிள், அதில் முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. மூன்றாவது, தனியாகச் செய்கிற கபடி அசைவுகள், யாரும் மோதாமல். இதற்குமேல் போக அறிகுறி முழுதும் போயிருக்க வேண்டும், மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். நான்காவது, அணியோடு பயிற்சி, பிடி இல்லாமல். ஐந்தாவது, பிடியோடு பயிற்சி. ஆறாவது, போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். முழுப் பள்ளி நாளையும் தாங்க முடிந்த பிறகுதான் போட்டி. பிள்ளைகளுக்கு நான்கு வாரம்வரை ஆவது இயல்பு. பிரிட்டனில் 21 நாளுக்கு முன் போட்டியில் இறக்குவதே இல்லை என்றார். ஒவ்வொரு படிக்கும் எதிரே தேதி எழுத இடம் விட்டிருந்தார். அண்ணன் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தபோது, இதை அவன் மீற முடியாது என்று எனக்குப் பட்டது. அவன் பத்திரத்துக்கும் சீலுக்கும் கட்டுப்படுகிறவன்.

சிக்கல் முதல் படியிலேயே வந்தது. அன்றாட வேலைகள். அந்த ஏணியை வகுத்தவர்கள் மனசில் என்ன வீடு இருந்ததோ. எங்கள் வீட்டில் பதினைந்து வயதுப் பெண்ணின் அன்றாட வேலை இது: விடிகாலையில் குனிந்து வாசல் பெருக்கித் தெளித்துக் கோலம் போடுவது. குழாய்த் தண்ணீர் வருகிற அன்று பத்துப் பன்னிரண்டு குடம் உள்ளே தூக்குவது. பாத்திரம், தன் துணி, தம்பி துணி. ஆச்சியைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் குளிக்கக் கூட்டிப்போவது. குனிந்து நிமிர்ந்தால்தான் அவளுக்குத் தலை சுற்றியது. ஒரு பையனுக்கு அன்றாட வேலை என்பது ஏணியின் முதல் படி. அவளுக்கு அது மூன்றாவது படியைத் தாண்டியிருந்தது. சிமெண்டுத் தரையில் நிறைகுடம் வழுக்கினால் ஐந்தாவது.

மதினி ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். மகளுக்குக் கிடைத்த ஓய்வு தாயின் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் மதினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறதைப் பார்த்துவிட்டு, நான் தம்பிக்காரனைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வயது, எட்டுக் குடம் தூக்கத் தெம்பு உண்டு. "நானா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் கள்ளமில்லை, நிஜமாகவே திகைத்துப்போயிருந்தான். ஆச்சி கட்டிலிலிருந்து, "ஆம்பளப் பிள்ளையப் போயி தண்ணி தூக்கச் சொல்லுதியா?" என்றாள். "ஆச்சி, டாக்டர் சீட்டுல எழுதியிருக்கு" என்றேன். அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு நானே ஏணியின் ஓரத்தில் எழுதினேன்: குடம், கோலம், துணி மூன்றாம் படிவரை கூடாது. அண்ணன் பார்த்தான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியாததல்ல. ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் படிக்கு ஆற்றுப் பாலம்வரை நடந்தாள். 2023 டிசம்பர் வெள்ளம் சாலையை அரித்துக்கொண்டு போன அதே இடம். கையைப் பிடித்து நாடி எண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தார் மருத்துவர். 220இலிருந்து வயதைக் கழித்தால் 205. அதில் 55 விழுக்காடு முதலில், அதாவது நிமிடத்துக்கு 113 துடிப்பு. பிறகு 70 விழுக்காடு, 143. பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவாள். தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு நாளும் ஒரு எண். நடக்கும்போது அந்த எண் இரண்டுக்கு மேல் ஏறினாலோ, ஏறியது ஒரு மணி நேரம் நீடித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் திரும்ப. "இன்னைக்கு மூணு அத்தை" என்று இரவில் செய்தி வரும். மதினி ஒரு நாள் எட்டிப் பார்த்து, "எனக்குத் தலைவலின்னா ஆறு" என்றாளாம். அவளிடம் அதுவரை யாரும் எண் கேட்டதில்லை.

பள்ளியில் வேறு மாதிரி. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கறுப்புப் பலகையைப் பார்த்தால் கண் கூசும் பிள்ளையை ஒரு ஆசிரியர் "நடிக்கா" என்றார். உடம்பில் கட்டு இல்லை, காயம் இல்லை, ஸ்கேன் நார்மல். பெண்ணின் வலியை நம்ப வெளியே ஒரு அடையாளம் வேண்டியிருக்கிறது. பயிற்சி கொடுத்தவர், ஒரு வாரத்துக்கு மேல் வராவிட்டால் அணியில் இடம் போய்விடும் என்றார். இரண்டு பேருக்குமே தாளின் நகலைக் கொடுத்தோம். பி.டி. டீச்சர் மட்டும் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "இத வாசிச்சா எங்க காலத்துல எத்தன பிள்ளைக இப்படி ஆடுச்சோன்னு பயமா இருக்கு" என்றார்.

ஒரே விதிகளில் ஆடும் கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் மூளை அதிர்வு பெண்பிள்ளைகளுக்கு அதிகம், குணமாகவும் கூடுதல் நாள் ஆகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கழுத்துத் தசையின் வலு, சுரப்பிகள் என்று காரணம் தேடுகிறார்கள். அமெரிக்காவில் ஓர் ஆய்வு வேறொன்றைக் கவனித்தது. பெண்பிள்ளைகள் சிறப்பு மருத்துவரிடம் வந்துசேரவே அதிக நாள் எடுத்தது. முதல் வாரத்துக்குள் வந்துவிட்டவர்களிடம் அந்த ஆண் பெண் வித்தியாசம் காணவில்லை. எலும்பையும் தசையையும் பார்க்குமுன் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று: கன்கஷன் பற்றிய முக்கியமான உடன்பாட்டு அறிக்கைகளுக்கு ஆதாரமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அவற்றில் பங்கேற்றவர்களில் சுமார் 80 விழுக்காடு ஆண்கள். நம் பெண்களின் தலையில் அடி விழுவது களத்தில் மட்டுமா? கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதப்பட்ட தலைகள் எங்கள் தெருவில் உண்டு. வாசப்படி தட்டிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லப்பட்டவை. அவர்களுக்கு யாரும் ஏணி வரைந்து கொடுத்ததில்லை.

முப்பத்தோராம் நாள் மருத்துவர் நான்காம் படிக்குக் கையெழுத்துப் போட்டார். கழுத்துக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பொங்கல் கழிந்து அவள் பிடியோடு பயிற்சிக்குப் போனாள். முதல் நாள் குனியவே பயமாக இருந்தது, காலைத் தேடிக் கை போகவில்லை என்றாள். அந்தப் பயத்துக்குத் தாளில் படி இல்லை. பி.டி. டீச்சர் அவளை ஒரு வாரம் கவரில் நிறுத்தி ஆடவிட்டார். கார்னருக்கு அவளே கேட்டுத் திரும்பினாள். தண்ணீர் இப்போது பாதி அவள் தூக்குகிறாள், பாதி தம்பி. எல்லாக் குடத்தையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஆச்சி சொல்லிப் பார்த்தாள், நடக்கவில்லை.

அதே அணியில் ரைடராக ஆடிய இன்னொரு பெண்ணுக்கு ஜனவரியில் தலையில் அடி பட்டது. தரையில் பின்மண்டை. அவள் அம்மா வாழைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள், அப்பா இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல், ரெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரமாகிறது. அவள் தினமும் மாலையில் வந்து களத்துக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறாள் என்று என் மருமகள் சொன்னாள். தலைவலி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாளாம், இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வாள். திருநெல்வேலிக்குப் போய்வர அவள் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு தனி. போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "வெளாடலன்னா என்னக்கா, உசுரோட இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஏணி வரைந்த தாளைக் காட்டினேன். வாசிக்கத் தெரியாது என்று மகளிடம் கொடுத்தாள். மகள் சத்தமாக ஆறு படியையும் வாசித்தாள். இந்தத் தேதி எல்லாம் யார் போடுவார்கள் என்று கேட்டாள். மருத்துவர் என்றேன். வருகிற சனிக்கிழமை மூன்று பேருமாகப் போகிறோம், காலை ஆறு மணி பஸ்ஸுக்கு.